கேளுங்க, சொல்றேன்: குணம் மாறின அப்பா, நைட் ஷிப்ட் தூக்கம், கண்ணக் கட்டிப் படிக்கிற கிளாஸ்

இந்த மாசம் சிங்கப்பூர் வாசகர்கள்கிட்டேருந்து வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் மூளைதான் பேச்சு. அதனால மாமியார் பஞ்சாயத்தெல்லாம் அடுத்த இதழுக்கு, இப்ப மூளைய மட்டும் பாத்துருவோம். நான் டாக்டர் இல்லங்கிறத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

அக்கா, என் மகன் பிரைமரி 5. ஜோகூர்ல ‘மிட்பிரெயின் ஆக்டிவேஷன்’னு ஒரு கிளாஸ் இருக்காம், ரெண்டே நாள்ல புள்ள கண்ணக் கட்டிக்கிட்டே கலர் சொல்லுது, புக் படிக்குதுங்கிறாங்க. நோட்டீஸ்ல மூளை ஸ்கேன் படமெல்லாம் கலர் கலரா போட்டிருக்கு. நாத்தனார் அவ மகளச் சேத்துட்டா. என் வீட்டுக்காரர் தண்டச் செலவுங்கிறார். பிஎஸ்எல்இ, அதான் தொடக்கப்பள்ளி இறுதிப் பரீட்சை வருதே, சேர்க்கலாமா? (வாசகி, உட்லண்ட்ஸ்)

வீட்டுக்காரர் சொல்றதக் கேளுங்கம்மா, இந்த ஒரு தடவையாவது.

நடுமூளைன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு. கண்ண அசைக்க, சத்தம் வந்த பக்கம் தலையத் திருப்ப அது வேணும், டோபமின்ங்கிற மூளை ரசாயனம் சுரக்குற செல்லுங்க கூட்டமா இருக்குறதும் அங்கதான், பார்க்கின்சன் நோய்ல செத்துப் போறது அந்த செல்லுங்கதான். உங்க மகனுக்கு அது பொறந்ததுலேருந்து வேலை செஞ்சுக்கிட்டுதான் இருக்கு, யாரும் வந்து ஸ்விட்ச் போட வேண்டியதில்ல. அப்ப எப்படிப் படிக்கிறாங்க? மூக்குத் தண்டுக்குப் பக்கத்துல கட்டுத் துணி ஒட்டாம ஒரு இடுக்கு இருக்கும், அது வழியா கீழ பாக்குறாங்க, அவ்வளவுதான். சந்தேகமா இருந்தா நாத்தனார் வீட்டுக்குப் போறப்ப ஒரு நீச்சல் கண்ணாடிக்கு உள்பக்கம் கறுப்பு டேப் நல்லா ஒட்டி எடுத்துட்டுப் போங்க, துணிக்குப் பதிலா அத மாட்டிவிட்டுப் படிக்கச் சொல்லுங்க. அந்தப் புள்ளைய மட்டும் திட்டிராதீங்க, பெரியவங்க கைதட்டுறாங்களேன்னு செய்யுது பாவம்.

ஸ்கேன் படத்தப் பத்தி ஒரு கதை சொல்றேன். 2009ல அமெரிக்காவுல கிரெய்க் பென்னட்னு ஒரு ஆய்வாளரும் அவர் கூட இருந்தவங்களும் கடையில வாங்குன ஒரு சால்மன் மீன, செத்த மீனத்தான், எம்ஆர்ஐ மெஷின்ல படுக்க வச்சு மனுசங்க போட்டோவக் காட்டி ‘இவங்க என்ன உணர்ச்சியில இருக்காங்க’ன்னு கேட்டாங்க. கணக்குல செய்ய வேண்டிய திருத்தத்தச் செய்யாம விட்டா ஸ்கேன் படத்துல மீனோட மூளையிலயும், அது வேலை செய்யுற மாதிரி, ரெண்டு மூணு புள்ளி எரியுது! ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன இடத்தச் சோதிக்கிறப்ப ஏதாவது ஒண்ணு தற்செயலா எரியத்தான் செய்யும், அதக் கணக்குல கழிக்கணும்னு காட்டத்தான் அதச் செஞ்சாங்க, 2012ல அதுக்கு, சிரிக்க வச்சு சிந்திக்க வைக்கிற ஆய்வுக்குக் குடுக்குற இக் நோபல் பரிசும் கெடச்சுது. அதுக்காக ஸ்கேனே பொய்யின்னு இல்ல. நோட்டீஸ்ல கலர் மூளை இருந்தா அது ஆதாரம் ஆயிராது, அதுதான் விஷயம்.

அப்பாவுக்கு 61 வயசு, ரிடையர் ஆயிட்டார். அதிர்ந்து பேச மாட்டார். ஒரு வருஷமா ஆளே மாறிட்டார். லிப்ட்ல தெரியாதவங்களப் பாத்து உடம்பப் பத்தி கமெண்ட் அடிக்கிறார். சாவு வீட்டுல சிரிச்சார். இனிப்பே தொடாதவர் இப்ப குலாப் ஜாமூன் டப்பாவ ஒரே ஆளா முடிக்கிறார். அம்மா வழுக்கி விழுந்தப்ப தாண்டிப் போய் டிவி போட்டார். ஆனா ஞாபகம் நல்லா இருக்கு, 4டி லாட்டரி நம்பரெல்லாம் டக்குனு சொல்றார். சின்னம்மா யாரோ என்னமோ செஞ்சு வச்சிட்டாங்கன்னு கயிறு மந்திரிக்கச் சொல்றாங்க, அண்ணன் திமிருங்கிறார். எனக்கு அழுகதான் வருது. (வாசகி, ஈசூன்)

உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேம்மா. கயிறு கட்டுறதுன்னா கட்டிக்குங்க, சின்னம்மா மனசு ஆறும். ஆனா இந்த வாரமே பாலிகிளினிக்ல, அதான் அரசாங்க கிளினிக்ல, அப்பாயின்ட்மென்ட் போடுங்க.

அண்ணன் திமிர்னு சொல்றாரே, அங்கதான் எனக்கு ஒப்புதல் இல்ல. அறுபது வருஷம் சாதுவா இருந்த மனுசனுக்குத் திடீர்னு திமிர் வராது. நெத்திக்குப் பின்னால இருக்குற மூளைப் பகுதிதான் ‘இத இங்க பேசக்கூடாது’, ‘அவளுக்கு வலிக்குமே’ இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் பாத்துக்குது. 1848ல அமெரிக்காவுல பினியஸ் கேஜ்னு ஒரு ரயில்பாதைத் தொழிலாளி, பாறைக்கு வெடி வைக்கிறப்ப ஒரு மீட்டருக்கு மேல நீளமான இரும்புக் கம்பி கன்னத்துல ஏறி உச்சந்தலை வழியா வெளிய போயிருச்சு. ஆள் பொழச்சுக்கிட்டார், பேசுனார், நடந்தார், ஆனா கெட்ட வார்த்த, பொறுமையில்லாமன்னு வேற ஆளா ஆயிட்டார்னு அவரப் பாத்த டாக்டர் ஹார்லோ எழுதி வச்சிருக்கார். (பல புத்தகத்துல அதோட கதைய முடிச்சிடுறாங்க, அவர் பிறகு சிலி நாட்டுக்குப் போய் கோச் வண்டி ஓட்டிப் பொழச்சத யாரும் சொல்றதில்ல, எனக்கு அதுல ஒரு வருத்தம்.)

கம்பி ஏறாமலே அந்தப் பகுதி தேயுற ஒரு நோய் இருக்கு, புரொன்டோடெம்பரல் டிமென்ஷியான்னு பேரு. ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு இருக்குன்னு 2023ல அவர் குடும்பம் அறிவிச்சது இதத்தான். டிமென்ஷியான்னா மறதின்னு நெனச்சுக்கிட்டிருக்கோம்ல, இதுல ஆரம்பத்துல ஞாபகம் நல்லாவே இருக்கும். பழக்கம்தான் முதல்ல மாறும்: கூச்சம் போயிரும், அடுத்தவங்க வலி ஒறைக்காது, இனிப்பு மேல வெறி வரும், செஞ்சதையே செய்வாங்க. வயசும் பெரும்பாலும் 45லேருந்து 65க்குள்ள. அதனாலதான் இத மனக்கோளாறுன்னோ, குடிப்பழக்கம்னோ, வீட்டுச் சண்டைன்னோ நெனச்சு வருஷக்கணக்குல விட்டுடுறாங்க.

அப்பாவுக்கு இதுதான்னு நான் சொல்லல, சொல்லவும் முடியாது. தைராய்டு, பி12 குறைவு, மூளைக்கட்டி, சின்ன ஸ்ட்ரோக், மனச்சோர்வு, ஏன், புதுசா ஆரம்பிச்ச ஒரு மாத்திரையாலகூட குணம் மாறலாம், அதுல சிலது குணப்படுத்தக்கூடியது, அதுக்காகவும்தான் சீக்கிரம் போகச் சொல்றேன். பாலிகிளினிக்லேருந்து லெட்டர் வாங்கிட்டுப் போனா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட மானியக் கட்டணத்துல பாக்கலாம். நீங்களும் கூடப் போங்க, அப்பாவத் தனியா அனுப்புனா ‘எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்’னு சொல்லிட்டு வந்துருவார், பொய் சொல்றதில்ல, அவருக்கு நிஜமாவே அப்படித்தான் தோணும். லிப்ட்ல நடந்தது, சாவு வீட்டுல நடந்தது, எந்த மாசம்னு தேதியோட ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, டாக்டருக்கு ஸ்கேன் அளவுக்கு அந்தத் தாள் உதவும்.

இன்னொண்ணு, பேங்க் விஷயம். இந்த மாதிரி நிலைமையில காசு தண்ணியாப் போயிரும், மோசடிக்காரங்ககிட்டயும் மாட்டுவாங்க. எல்பிஏ, அதான் தன்னால முடியாமப் போனா தனக்காக முடிவெடுக்க நம்பிக்கையான ஒருத்தருக்கு அதிகாரம் குடுக்குற நீடித்த அதிகாரப் பத்திரம், அப்பாவுக்குப் புரிஞ்சு முடிவெடுக்குற நிதானம் இருக்குறப்பவே செய்யணும், பிறகு செய்யவே முடியாது, கோர்ட்டுக்குப் போக வேண்டி வரும். டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்புக்குப் போன் பண்ணாலும் வழி சொல்வாங்க. அம்மாவ யாராவது பாத்துக்குங்க, அவங்கதான் நாள் பூரா இதையெல்லாம் தாங்குறது.

அக்கா, நைட் ஷிப்ட் எனக்கு, காலையில 8 மணிக்கு முடியும். பஸ் ஏறி ரூமுக்குப் போனா தூக்கமே வராது, மத்தியானம் ரெண்டு மணி நேரம் கண்ணசந்தா பெரிய விஷயம். அஞ்சு மணிக்கு ஒரு கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) குடிச்சாதான் கடைசி மூணு மணி நேரம் ஓடும். தூங்கலன்னா மூளையில அழுக்கு சேந்து புத்தி பேதலிச்சிரும்னு வாட்ஸ்அப்ல வருது, பயமா இருக்கு. (தம்பி, சாங்கி பக்கம்)

அந்த அழுக்கு கதைய முதல்ல முடிச்சிருவோம். தூங்குறப்ப மூளை தன்னைத்தானே கழுவிக்குதுன்னு 2013ல மைக்கன் நெடர்கார்ட்ங்கிற ஆய்வாளரோட குழு எலிகள வச்சு சொன்னாங்க, உலகம் பூரா பரவுச்சு. 2024ல லண்டன் இம்பீரியல் காலேஜ் குழு, அதுவும் எலிதான், தூக்கத்துல கழுவுறது கொறையுதுன்னு நேர்மாறா சொன்னாங்க. விஞ்ஞானிகளே இன்னும் சண்ட போட்டுக்கிட்டிருக்காங்க, நீ பயந்து இருக்குற ரெண்டு மணி நேரத்தையும் கெடுத்துக்காத.

உன் பிரச்சனை ரெண்டு. ஒண்ணு வெயில். கண்ணுலேருந்து வர்ற நரம்பு சேர்ற இடத்துக்கு மேல ஒரு 20,000 நரம்பு செல் இருக்குற சின்னப் புள்ளிதான் உடம்போட கடிகாரம், வெளிச்சம் பட்டா அது ‘விடிஞ்சிருச்சு’ன்னு சொல்லும். நம்ம ஊர்ல வருஷம் பூரா சூரியன் ஏழு மணி வாக்குலதான் வரும், 1982 ஜனவரி 1ல மலேசியாவோட சேந்து கடிகாரத்த அரை மணி முன்னால தள்ளி வச்சதுலேருந்து அப்படி. நீ எட்டு மணிக்கு வெளிய வர்றப்ப நல்ல வெயில். தொப்பி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்க, பஸ்ல வெயில் படாத பக்கமா உக்காரு, ரூமுக்குப் போனதும் கண்ணக் கட்டிக்க (இதுக்குத்தான் கண்ணக் கட்டணும், படிக்க இல்ல). போன் நோண்டாத.

ரெண்டாவது கோப்பி. முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில அடினோசின்ங்கிற ரசாயனம் சேரும், அதுதான் தூக்கத்த வரவைக்குறது. கோப்பியில இருக்குற கபீன் போய் எம்ஆர்டி ரயில் சீட்ல பையப் போட்டு இடம் புடிக்கிற மாதிரி அடினோசின் உக்கார வேண்டிய எடத்துல உக்காந்துக்கும். குடிச்சதுல பாதி உடம்ப விட்டுப் போகவே சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகும், அப்ப உன் அஞ்சு மணி கோப்பி பத்து மணிக்கும் பாதி இருக்கு. நம்ம கோப்பிக்கடையில போடுறது ரொபஸ்டா கொட்டை, அராபிகாவவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு கபீன். ஷிப்ட் ஆரம்பத்துல குடி, ராத்திரி ஒரு மணியோட நிறுத்திரு. வேலைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு குட்டித் தூக்கம் போட்டுப் பாரு. இவ்வளவு செஞ்சும் சரியாகலன்னா, இல்ல கொறட்ட பலமா இருந்தா, டாக்டர்கிட்ட காட்டு.

ரெண்டு மொழி பேசுனா டிமென்ஷியா வராதாமே? பேரப்பிள்ளைங்க வீட்டுல இங்கிலீஷ்தான் பேசுதுங்க. (பாட்டி, தோ பாயோ)

வராதுன்னு இல்லங்க பாட்டி, தள்ளிப் போகலாம்னு சொல்றாங்க. 2013ல ஹைதராபாத்துல டாக்டர் சுவர்ணா அல்லாடி குழு 648 டிமென்ஷியா நோயாளிகளப் பாத்தாங்க. ரெண்டு மொழிக்காரங்களுக்கு ஒரு மொழிக்காரங்களவிட 4.5 வருஷம் பிந்தி ஆரம்பிச்சிருக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவங்ககிட்டயும் அந்த வித்தியாசம் தெரிஞ்சுது, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுது, தேக்காவுல தமிழ், மலாய், கொஞ்சம் ஹாக்கியன் சீனமும்னு கலந்து பேசுன நம்ம பழைய ஆளுங்கதான் கண்ணு முன்னாடி வந்தாங்க. எல்லா ஆய்வுலயும் இது தெரியலங்கிறதையும் சொல்லிடுறேன். பேரப்பிள்ளைங்ககூட தமிழ் பேசுங்க, உங்களுக்கும் பேச்சுத் துணை. அதவிட முக்கியம், காது மந்தமா இருந்தா மெஷின் வைக்கச் சொன்னா வச்சுக்குங்க, வெக்கப்படாதீங்க. 2024ல லான்செட் மருத்துவ இதழோட குழு டிமென்ஷியாவுக்குச் சொன்ன மாத்தக்கூடிய 14 காரணத்துல காது கேக்காததும் ஒண்ணு, பிரஷர், சர்க்கரையும் அதுல இருக்கு.

டோபமின் டீடாக்ஸ் பண்ணலாமா? வீக்எண்ட் பூரா போன், கேம், பாட்டு எதுவும் இல்லாம இருந்தா மூளை ரீசெட் ஆயிருமாம். (என்எஸ், அதான் தேசிய சேவை செய்யுற தம்பி, பொங்கோல்)

டோபமின் விஷம் இல்லப்பா வெளிய எடுக்க, அது இல்லன்னா கையக் கால அசைக்கவே கஷ்டம். வுல்ப்ராம் ஷுல்ட்ஸ்ங்கிற ஆய்வாளர் குரங்குங்களுக்கு ஜூஸ் குடுத்துப் பாத்ததுல, எதிர்பாக்காம கெடச்சா டோபமின் செல்லுங்க துள்ளுது, பழகுன பிறகு ஜூஸுக்கு இல்ல, ஜூஸ் வரப்போகுதுங்கிற சிக்னலுக்குத்தான் துள்ளுது, சிக்னல் வந்து ஜூஸ் வரலன்னா அடங்கிப்போகுது. உன் போன் ‘டிங்’குங்குற சத்தம்தான் அந்த சிக்னல். ரெண்டு நாள் பட்டினி போட்டு திங்கக்கிழமை அதே ‘டிங்’குக்குத் திரும்புறதுக்கு, நோட்டிபிகேஷன ஆப் பண்ணு, படுக்குறப்ப போன ஹால்ல சார்ஜ் போடு. பாட்டு கேளு, தப்பில்ல.