மகள் வரையட்டும், முதலில் பாட்டியிடம் கேட்கட்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உங்கள் மகள், தாய்வழியில் வந்த வார்ல்பிரி மரபின் ஓவியத்தையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறாள் என்றும், அதை நம்பிப் பிழைக்க முடியுமா என்ற கவலை உங்களை வாட்டுகிறது என்றும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து எழுதியிருந்தீர்கள். நீங்கள் கேட்டது வருமானத்தைப் பற்றி. ஆனால் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் இந்தக் கலையில் உரிமை பற்றிய கேள்விதான் முதலில் வரும்.

வார்ல்பிரி ஓவியங்களில் வரையப்படும் ஜுகுர்பா என்பது, மூதாதையர் தம் நிலத்தை உருவாக்கிய வரலாறும் அதிலிருந்து பிறந்த சட்டமும் ஆகும். கைத்திறன் இருப்பதாலேயே எவரும் அதை வரைந்துவிட இயலாது. ஒரு நிலத்தின் ஜுகுர்பாவைத் தந்தைவழியில் பெறுபவர்கள் கிர்டா; தாய்வழியில் பெறுபவர்கள் குர்டுங்குர்லு. எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று கவனித்துக் காப்பது குர்டுங்குர்லுவின் பொறுப்பு. தாயின் குடும்ப நிலத்தைப் பொறுத்தவரை உங்கள் மகளுக்கு உரியது இந்தப் பொறுப்பே என்பதால், எந்தக் கதையை, எந்த அளவுக்கு, யாருடைய வழிகாட்டலில் அவள் வரையலாம் என்பதைப் பாட்டியும் குடும்பத்தின் மூத்தோரும்தான் சொல்ல வேண்டும். என்னைப் போன்ற ஆலோசகருக்கு அதில் இடமில்லை. 1984-இல் வார்ல்பிரி மக்கள் வாழும் யுவெண்டுமு ஊரின் பள்ளியில் 30 கதவுகளில் மூத்தோர் ஐவர் தம் ஜுகுர்பாவை வரைந்தது, அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு அது நினைவில் நிற்க வேண்டும் என்பதற்காகவே. உங்கள் மகளும் அத்தகைய பிள்ளைகளில் ஒருத்திதான்.

அதே ஊரில் 1985 முதல் இயங்கும் வார்லுகுர்லங்கு கலை மையம் அவ்வூர்ப் பூர்வகுடி மக்களுக்கே சொந்தமானது. அங்கே துணியும் வண்ணமும் கிடைக்கும். ஓவியத்தின் கதையைப் பதிந்து, சான்றிதழுடன் விற்றும் தருவார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீட்டர் பயணம். இந்த விடுமுறையில் பாட்டியோடு அவளை அங்கே அனுப்பி வையுங்கள். டார்வினில் 1984 முதல் நடந்துவரும் தேசியப் பூர்வகுடிக் கலை விருதில் வளரும் கலைஞர்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. அதற்கு அவசரம் வேண்டாம்.

வருமானம் முதல் சில ஆண்டுகளில் சீராக இராது; ஆகவே ஓவியத்தோடு ஒரு பட்டப்படிப்பையும் தொடரச் சொல்வேன். 2010 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, கலைச்சந்தையில் 1,000 டாலரோ அதற்கு மேலோ விலைபோகும் மறுவிற்பனையில் 5 விழுக்காடு ஓவியருக்கு உரியது. அவர் மறைந்த பின்னும் 70 ஆண்டுகள் அது வாரிசுகளுக்குச் சேரும்.

சுற்றுலாக் கடைக்காரர் ஒருவர் பத்து ஓவியங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு, பதிப்புரிமையையும் எழுதித் தரக் கேட்கிறார் என்றீர்கள். தயவுசெய்து கையெழுத்திட வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கத்தில் பிறந்த பூர்வகுடி ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா 1959-இல் மறைந்தார். 1983-இல் அவருடைய ஓவியங்களின் பதிப்புரிமை 8,500 டாலருக்கு வெளியார் கைக்குப் போய், 2017-இல்தான் குடும்பத்தாருக்குத் திரும்பக் கிடைத்தது. ஓவியத்தை விற்பது வேறு, பதிப்புரிமையை விற்பது வேறு என்பதை மகளுக்கு இன்றே விளக்கிச் சொல்லுங்கள். கடைக்காரர் தந்த தாளின் நகலை எனக்கு அனுப்பினால், வரிவரியாகப் படித்து என் கருத்தை எழுதுகிறேன்.