கோவளத்துல வீடு விக்கிறவருக்கு: மொதல்ல தங்க விடுங்க

அண்ணே, சென்னைக்குத் தெக்க கோவளம் பக்கம் நாலு வில்லா கட்டிட்டீங்க, பெங்களூர்க்காரங்க சனி ஞாயிறு வந்து போட்டோ எடுத்துட்டுப் போறாங்க, ஒருத்தரும் அட்வான்ஸ் தர மாட்டேங்கிறாங்கன்னு கேட்டிருந்தீங்க. அரை மணி நேரம் சுத்திப் பாத்துட்டு எவன் வீடு வாங்குவான்? ஒரு வில்லாவ நாள் வாடகைக்கு விடுங்க, ஆறேழு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தவன் ரெண்டு நைட் தங்கி காலைல அலைச்சறுக்கு கத்துக்கிட்டு குப்பத்துல வாங்கின மீன வறுத்துத் தின்னான்னா அவனே வெல கேப்பான். 2021ல இந்த பீச்சுக்கு, சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குக் குடுக்குற நீலக்கொடி சான்று கெடச்சுது, உங்க விளம்பரத்துல அத காணோம், வெறும் ‘சீ வியூ’ன்னு மட்டும் இருக்கு!

அப்புறம் பேப்பர். பட்டா, வில்லங்கம் எல்லாம் தமிழ்லதான இருக்கு, கன்னடக்காரருக்கும் ஹிந்திக்காரருக்கும் அத பாத்தாலே பயம். இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து சர்வே நம்பரோட கைல குடுங்க. கட்டடம் கட்ட கட்டுப்பாடு இருக்குற கடலோர ஒழுங்குமுறை மண்டலம் (CRZ) உயர் அலைக் கோட்டுலேந்து, அதாவது கடல் ஏறி வர்ற எல்லைலேந்து, 500 மீட்டர் வரைக்கும் போகுது, உங்க எடம் அதுக்கு உள்ளயா வெளியயான்னு அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே மேப்ப காட்டிடுங்க.

உப்புக்காத்த மறைக்காதீங்க. முட்டுக்காட்டுல எங்க சித்தப்பா வீட்டு கேட் கீல் ரெண்டே வருசத்துல பிஸ்கட் மாதிரி உதிர்ந்துச்சு. பூட்டிப்போட்ட வீட்ட யார் பாத்துக்குவாங்கங்கிறதுதான் வெளியூர்க்காரனோட பெரிய கவலை, மாசச் சம்பளத்துக்கு உள்ளூர் ஆள் ஒருத்தர நீங்களே ஏற்பாடு பண்ணிக் குடுங்க. ஐப்பசி கார்த்திகை மழைல மட்டும் யாரையும் கூப்பிடாதீங்க, ஜனவரில ஆரம்பிங்க.