ஐந்து பேர் சேர்ந்தால் ஸ்டாக்ஃபிஷை மடக்கலாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். இரவில் நண்பர்கள் ஐந்து பேர் ஆன்லைனில் செஸ் ஆடுவோம். ஏற்காட்டில் எஸ்டேட் வேலையில் இருக்கும் எங்கள் கூட்டாளி, "நான் ஸ்டாக்ஃபிஷ் (செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம்) வைத்துக்கொள்கிறேன், நீங்கள் ஐந்து பேரும் கம்ப்யூட்டர் இல்லாமல் சேர்ந்து ஆடுங்கள், ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள்" என்று சவால் விட்டிருக்கிறார். எங்கே, எப்படி ஆடுவது? ஜெயிக்க முடியுமா?

பதில்: ஜெயிப்பதை மறந்துவிடுங்கள். டிராவுக்கு முயற்சி செய்யலாம்.

முதலில் ஆடும் இடம். லைசெஸ், செஸ்.காம் என்ற இரண்டு ஆன்லைன் செஸ் தளங்களிலும் இதைப் போடாதீர்கள். ரேட்டிங் இல்லாத ஆட்டம்தானே, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டதுதானே என்று தோன்றும். ஆட்டத்தின் நடுவே எஞ்சின் (ஸ்டாக்ஃபிஷ் மாதிரி செஸ் புரோகிராம்) உதவி எடுப்பது அங்கே விதிமீறல், அவருடைய கணக்கு போய்விடும். உங்கள் பக்கமும் சுத்தமில்லை. ஒருவர் கணக்கில் நாலு பேர் சொல்லிக்கொடுத்து ஆடினால் அதுவும் ஏமாற்றுதான். முன்பின் தெரியாத ஒருவர் எஞ்சின் வைத்து ஆடுகிறார் என்று சந்தேகம் வந்தால்கூட, ஆள் சேர்க்காமல் புகார் பட்டனை அழுத்துங்கள். அதற்குத்தான் அது இருக்கிறது.

உங்கள் சவாலுக்கு வாட்ஸ்அப் போதும். நகர்த்தலை எழுதி அனுப்புங்கள், பட்டறையில் ஒரு பலகையை அப்படியே வைத்திருங்கள்.

அடுத்து, முடிவு எடுக்கும் முறை. இதில்தான் பெரும்பாலான கூட்டணிகள் கவிழும். ஐந்து பேரும் ஓட்டுப் போட்டால் யாருக்கும் பிடிக்காத, யாரும் எதிர்க்காத நகர்த்தல்தான் வரும். 1999-இல் உலக செஸ் சாம்பியன் காஸ்பரோவை எதிர்த்து 50,000-க்கும் மேற்பட்டோர் இணையத்தில் ஓட்டுப் போட்டு ஆடினார்கள். காஸ்பரோவ் 62 நகர்த்தலில் ஜெயித்தார், ஆனால் நான்கு மாதம் ஆனது. அந்தக் கூட்டத்தைத் தூக்கி நிறுத்தியது 15 வயது அமெரிக்க வீராங்கனை இரினா கிரஷ். கறுப்பின் 10-ஆவது நகர்த்தலாக அவர் சொன்னது குயினை e6-க்கு. e4, c4 சிப்பாய்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் குறிவைக்கும் புது யோசனை. அதன் முடிவில் ஒரு யானை போனது, கைக்கு ஒரு குதிரையும் இரண்டு சிப்பாய்களும் வந்தன. இப்படிப்பட்ட நகர்த்தல் ஓட்டுப்பெட்டியில் தானாகப் பிறக்காது. ஒருவர் ராத்திரி பகலாக உட்கார்ந்து கணக்குப் போட்டு, மற்றவர்களை நம்பவைக்க வேண்டும். (51-ஆவது நகர்த்தலில் கள்ள ஓட்டுப் புகாரும் கிளம்பியது. நமக்குப் பழக்கப்பட்ட விஷயம்தான்.)

அதனால் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக நகர்த்தல் யோசிக்கட்டும், ஒருவருக்கொருவர் சொல்லாமல். இரண்டு பேர் அதை உடைப்பதற்கென்றே உட்காரட்டும்: எதிராளி செக் வைத்தால்? வெட்டினால்? கடைசி வார்த்தை ஒருவருடையது. உங்களில் ரேட்டிங் அதிகம் உள்ளவரைவிட, அவசரப்படாதவருக்கு அதைக் கொடுங்கள்.

டிராவுக்கு என்ன வழி? சிப்பாய்களை அடைத்துப் பூட்டினால் கம்ப்யூட்டர் குழம்பும் என்பது பழைய அறிவுரை. 2020-இல் ஸ்டாக்ஃபிஷுக்குள் நியூரல் நெட்வொர்க் (பயிற்சியில் கற்று நிலையை எடைபோடும் முறை) வந்த பிறகு அதை அவ்வளவாக நம்ப முடியாது, கூர்மையான தாக்குதலை அறவே நம்ப முடியாது. வெள்ளையை உங்களுக்குக் கேளுங்கள், ஐந்து பேருக்கும் நன்றாகத் தெரிந்த ஓப்பனிங்கை எடுங்கள், குயின்களைச் சீக்கிரம் மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு உங்களிடம் ஒரு நிறக் கட்டங்களில் ஓடும் பிஷப், அவரிடம் எதிர் நிறக் கட்டங்களில் ஓடும் பிஷப் என்ற முடிவுக்கு இழுத்துப் போங்கள். அங்கே ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் பலமுறை ஜெயிக்க முடியாது. உங்கள் ராஜா அந்தச் சிப்பாய்க்கு எதிரே, அவருடைய பிஷப் தொடமுடியாத நிறக் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டால், எஞ்சின் தனக்குச் சாதகம் என்று எண் காட்டிக்கொண்டே இருந்தாலும் அவரால் துரத்த முடியாது.

ஏற்காட்டில் காற்று மழை என்றால் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். ஒரு நாள் கெடுவை அப்படிப்பட்ட நாளில் இரண்டாக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான்.