முக்கூர்த்தியிலிருந்து சைலண்ட் வேலிக்கு ராஃப்டிங் கேட்ட தம்பிக்கு

தம்பி, ஊட்டி காலேஜ் பசங்க ஆறு பேர் முக்கூர்த்திப் பக்கம் தொடங்கி, குந்திப்புழை ஆற்றில் ராஃப்ட் (காற்றடித்த ரப்பர் படகு) விட்டு கேரளத்தின் சைலண்ட் வேலி மழைக்காடு வரை போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. இரண்டுமே தேசியப் பூங்கா, கல்லூரி லெட்டர்பேடுக்கெல்லாம் அங்கே மதிப்பில்லை.

அனுமதியே கிடைத்தாலும் ஆறு விடாது. 2,400 மீட்டர் உயரத்தில் பிறந்து, சைலண்ட் வேலிப் பள்ளத்தாக்கின் வடக்கு விளிம்புக்கு வருவதற்குள் 1,150 மீட்டருக்கு இறங்கிவிடும் தண்ணீர் அது. அந்த இறக்கத்தில் பாறையும் அருவியும்தான், ராஃப்ட் உங்களைச் சுமக்காது, நீங்கள்தான் ராஃப்டைச் சுமப்பீர்கள். உள்ளே போனபிறகு கொஞ்சம் நிதானமாக ஓடும், அப்புறம் மண்ணார்க்காடு பக்கம் மறுபடி விழும். மோயாறும் வேண்டாம், புலிகள் காப்பகம், முதலை வேறு.

மலையும் மழைக்காடும் சேர்ந்து வேண்டுமென்றால் குடகில் பாரபோளே ஆற்றுக்குப் போங்கள். கூடலூரிலிருந்து பத்தேரி, மானந்தவாடி, குட்டா வழியாகப் போய்விடலாம். மழைக்காலத்தில்தான் ராஃப்ட் ஓடும், ஜூலை, ஆகஸ்ட் பார்த்துப் போங்கள். கைடு இல்லாமல் இறங்காதீர்கள், ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் இரண்டையும் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், தொளதொளவென்று கொடுத்தால் மாற்றச் சொல்லிச் சண்டை போட்டாலும் தப்பில்லை. தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், பாறையிடுக்கில் கால் மாட்டினால் வேகமே ஆளை அமுக்கிவிடும். மல்லாந்து, கால் முன்னால் நீட்டி மிதந்து வாருங்கள். நீச்சல் தெரியாதவர் யாராவது இருந்தால் கைடிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.