‘எம்.வி.’ போட்ட கடிதமும் மூன்றரை லட்சமும்

கேள்வி: என் தம்பி ஜி.பி. ரேட்டிங் என்ற கப்பல் ஊழியர் பயிற்சி முடித்து, சி.டி.சி. என்ற மாலுமிப் புத்தகமும் வாங்கிவிட்டு ஒன்றரை வருடமாக வீட்டில் இருக்கிறான். இப்போது ஓர் ஏஜென்ட் கப்பல் பெயர் போட்டு வேலைக் கடிதம் கொடுத்திருக்கிறார். மூன்றரை லட்சம் கேட்கிறார். கப்பல் பெயருக்கு முன்னால் ‘எம்.வி.’ என்று இருக்கிறது. “கடற்படைக் கப்பலுக்கு ஐ.என்.எஸ். எப்படியோ, அப்படி சர்வதேசப் பதிவு உள்ள கப்பலுக்குத்தான் எம்.வி. கொடுப்பார்கள்” என்கிறார். இணையத்தில் தேடினால் அதே பெயரில் நாலு கப்பல் வருகிறது. அதில் ஒன்றுக்கு ‘எம்.டி.’ என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது?
– ஒரு சகோதரி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: முதலில் பணத்தைக் கொடுக்காதீர்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

‘எம்.வி.’ என்றால் மோட்டார் வெசல். டீசல் இன்ஜினில் ஓடுகிற கப்பல் என்று அர்த்தம், அவ்வளவுதான். ‘எம்.டி.’ என்றால் மோட்டார் டேங்கர். அதே டீசல் இன்ஜின், ஏற்றுவது எண்ணெயோ ரசாயனமோ. இந்த எழுத்துகளை யாரும் யாருக்கும் ‘கொடுப்பது’ கிடையாது. நம் பெயருக்கு முன்னால் ‘திரு’ போட்டுக்கொள்ள எந்த அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறோம்? அதே கதைதான். பதிவுச் சான்றிதழில் கப்பலின் பெயர் மட்டும் இருக்கும். கடிதம் அடிப்பவர், செய்தி எழுதுபவர், சரக்கு அனுப்புபவர் ஆகியோர் தங்கள் பழக்கத்தில் முன்னால் இரண்டு எழுத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரே டேங்கர் கப்பலை ஒருவர் எம்.வி. என்பார், இன்னொருவர் எம்.டி. என்பார். இரண்டும் தப்பில்லை.

பழைய ஆட்களுக்கு இது புரியும். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்கள் நீராவியில் ஓடியவை, அதனால் எஸ்.எஸ்., அதாவது ஸ்டீம் ஷிப். மதராஸிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் சனங்களை ஏற்றிக்கொண்டு போன ரஜூலாவும் எஸ்.எஸ். தான்; 1926-ல் கட்டியது. அதே தடத்தில் பின்னால் ஓடிய சிதம்பரம் டீசல் கப்பல், ஆகவே எம்.வி. பெயருக்கு முன்னால் இருப்பது இன்ஜின் ரூம் சமாச்சாரம். முதலாளி யார், சம்பளம் வருமா, கப்பல் உண்டா இல்லையா என்பதெல்லாம் அதில் தெரியாது.

ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான். கடற்படையில் முன்னெழுத்து நிஜமாகவே கொடுக்கப்படுகிற ஒன்று. கப்பல் பணியில் சேர்க்கப்படும் நாளில்தான் அது ஐ.என்.எஸ். ஆகிறது. 2013-ல் கடலில் இறக்கப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், ஒன்பது வருடம் கொச்சியில் வெறும் ஐ.ஏ.சி.–1 (உள்நாட்டு விமானந்தாங்கி எண் 1) ஆகக் கிடந்தது. 2022 செப்டம்பர் 2-ம் தேதிதான் ஐ.என்.எஸ். விக்ராந்த் ஆனது. பணியிலிருந்து விடுவித்தால் அந்த எழுத்தும் போய்விடும். விராட் என்ற பழைய விமானந்தாங்கியை 2017-ல் விடுவித்தார்கள். 2020-ல் உடைப்பதற்காக அலங் கரைக்கு அது போனபோது சட்டப்படி ஐ.என்.எஸ். இல்லை. பத்திரிகைகள்தான் விடாமல் அப்படியே எழுதின. அமெரிக்கர்கள் இன்னும் கறார். பணியில் உள்ள போர்க்கப்பலுக்கு யு.எஸ்.எஸ்.; சிவிலியன்கள் ஓட்டும் கடற்படைச் சரக்குக் கப்பலுக்கு யு.எஸ்.என்.எஸ். 2022-ல் நம் காட்டுப்பள்ளிக்குப் பழுது பார்க்க வந்த சார்லஸ் ட்ரூ இரண்டாவது ரகம்.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊர்ப் பக்கம் இதை வைத்தும் வசூல் நடக்கிறது. ஐ.என்.எஸ். என்று இருந்தால் அது கப்பலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உச்சிப்புளியில் இருக்கிற ஐ.என்.எஸ். பருந்து ஒரு விமானத்தளம். விஜயநாராயணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் ரேடியோ நிலையம். பனங்காட்டுக்கு நடுவே நிற்கிறது, எந்தக் காலத்திலும் மிதக்கப்போவதில்லை. கோயம்புத்தூரில் ஐ.என்.எஸ். அக்ரணி இருக்கிறது, அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ரயில் ஏற வேண்டும். இது பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன வழக்கம். அவர்கள் சட்டத்தில் கடற்படை ஒழுங்கு விதி என்பது ஒரு கப்பலின் பேரேட்டில் பெயர் உள்ளவனைத்தான் கட்டுப்படுத்தியது. கரையில் வேலை செய்பவனையும் கட்டுக்குள் வைக்க, கட்டடத்துக்கே கப்பல் பெயர் சூட்டிவிட்டார்கள். 1946-ல் மாலுமிகள் கிளர்ச்சி வெடித்த பம்பாய் ‘தல்வார்’ கூட கப்பல் இல்லை. சிக்னல் பயிற்சிப் பள்ளி. அப்போது அது எச்.எம்.ஐ.எஸ். தல்வார், மாட்சிமை தங்கிய மன்னரின் இந்தியக் கப்பல். 1950 ஜனவரி 26-ல் மன்னர் போனார், ஐ.என்.எஸ். வந்தது, கட்டடத்தைக் கப்பல் என்பது மட்டும் போகவில்லை. ஆகவே “ஐ.என்.எஸ். பருந்து கப்பலில் சமையல்காரர் வேலை, ஒன்றரை லட்சம்” என்று யாராவது சொன்னால், உச்சிப்புளிக்கு பஸ் ஏறிப் போய் அந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கடற்படைக்கு ஆள் எடுப்பது அரசு அறிவிப்பின் வழியாக மட்டும்தான். ஏஜென்ட்டே கிடையாது.

இன்னொரு எழுத்து விளையாட்டும் உண்டு. எம்.எஸ்.வி. என்றால் இன்ஜின் பொருத்திய பாய்மரக் கலம். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணி. கௌரவமான தொழில்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் என்று பேசிப் பணம் வாங்கிவிட்டு, நடுவில் இருக்கும் ‘எஸ்’ஸை விழுங்கிக் கடிதம் அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பையன் துறைமுகத்துக்குப் போன பிறகுதான் மரக்கலம் என்று தெரிந்தது.

சரி, எதைப் பார்ப்பது? பெயரைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. ஒரே பெயரில் உலகத்தில் பல கப்பல்கள் ஓடுகின்றன. விற்றால் பெயர் மாறும், கொடி மாறும். நான் சர்வேக்கு, அதாவது பரிசோதனைக்குப் போன ஒரு கப்பலில், படகிலிருந்து அண்ணாந்து பின்பக்கத்தைப் பார்த்தபோது புதுப் பெயரின் வெள்ளைப் பெயின்டுக்கு அடியில் பழைய பெயரின் வெல்டிங் வரம்பு எழும்பித் தெரிந்தது. அதற்கும் கீழே அதற்கு முந்தைய பெயர். மூன்று பெயரும் ஒன்றன்மேல் ஒன்று. மாறாமல் இருந்தது ஓர் எண் மட்டும்தான்.

அதுதான் ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண். ஏழு இலக்கம். கட்டும்போது ஒட்டினால் உடைக்கும்வரை அதேதான், நம் ஆதார் மாதிரி. 300 டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பலுக்கு 1996-லிருந்து இது கட்டாயம். (இந்த ‘டன்’ எடைக் கணக்கு இல்லை, கொள்ளளவுக் கணக்கு, உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.) உடம்பின் வெளிப்பக்கத்தில் 200 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில், பெயின்ட் அடித்தாலும் மறையாதபடி எழும்பியோ செதுக்கியோ இருக்க வேண்டும்.

சூயஸ் கால்வாயில் 2021 மார்ச்சில் குறுக்கே மாட்டிக்கொண்டதே, அந்தக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ராட்சச எழுத்தில் ‘எவர்கிரீன்’ என்று இருந்ததால் நிறையப் பேர் அதையே கப்பல் பெயர் என்று நினைத்தார்கள். அது ஓட்டுகிற கம்பெனியின் பெயர். கப்பலின் பெயர் எவர் கிவன், முன்பக்கமும் பின்பக்கமும் சின்னதாக எழுதியிருக்கும். சொந்தக்காரர் ஜப்பான், ஓட்டுவது தைவான், பனாமா கொடி, உள்ளே வேலை செய்த 25 பேரும் நம் நாட்டுக்காரர்கள். இத்தனை குழப்பத்திலும் எண் ஒன்றுதான்: 9811000.

தம்பியிடம் ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கச் சொல்லுங்கள். 9×7=63, 8×6=48, 1×5=5, 1×4=4, பிறகு இரண்டு பூஜ்யம். கூட்டினால் 120. கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் 0. கப்பல் எண்ணின் ஏழாவது இலக்கமும் 0. பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் அந்த எண் கற்பனை. எனக்கு வந்த கடிதங்களில் வாய்க்கு வந்த ஏழு இலக்கத்தைத் தட்டியிருந்தவர்கள் உண்டு. கணக்குச் சரியாக வந்துவிட்டால் மட்டும் கப்பல் நிஜம் என்று ஆகிவிடாது. கெட்டிக்கார ஆசாமி ஏதாவது ஒரு நிஜக் கப்பலின் எண்ணைத் திருடிப் போட்டிருப்பான். ஆகவே அடுத்த படி: ஈக்வாசிஸ் என்று ஒரு தளம், ஐ.எம்.ஓ.வின் ஜிசிஸ் என்று ஒரு தளம். இரண்டுமே இலவசம், ஈமெயில் கொடுத்துப் பதிய வேண்டும். எண்ணைப் போட்டால் பெயர், கொடி, என்ன வகைக் கப்பல், யார் நிர்வாகம் என்று வரும். கடிதத்தோடு ஒப்பிடுங்கள். கொடி என்ற இடத்தில் ‘False’ (போலி) என்று போட்டிருந்தால், இல்லாத பதிவேட்டின் பெயரில் ஓடுகிற கப்பல் என்று அர்த்தம். அதில் ஏறினால் சம்பளத்துக்கு எந்த நாட்டின் கதவைத் தட்டுவது?

கப்பல் நிஜமாகவே இருந்தாலும் ஏஜென்ட் நிஜமா என்பது தனிக் கேள்வி. இந்தியாவில் மாலுமிகளை வேலைக்கு அனுப்ப ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் வேண்டும். கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் தருவது. கம்பெனிப் பட்டியல் அதன் தளத்தில் இருக்கிறது. கடிதத்தில் உள்ள கம்பெனி பட்டியலில் இருந்தால், பட்டியலில் உள்ள எண்ணுக்கே போன் செய்து, இந்தப் பெயரில் ஆள் எடுக்கிறீர்களா என்று கேளுங்கள். கடிதத்தில் உள்ள செல்போனுக்கு அடிக்காதீர்கள், அதை எடுப்பது ஏஜென்ட்டின் மச்சானாக இருக்கும்.

பணம்? உரிமம் உள்ள கம்பெனி மாலுமியிடம் வேலைக்காக ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. இந்திய விதியும் அதுதான், இந்தியா ஏற்றுக்கொண்டிருக்கும் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தமும் அதுதான். பாஸ்போர்ட், சி.டி.சி., மருத்துவச் சான்று, இந்த மூன்றின் செலவு தம்பியுடையது. விசா செலவு கப்பல் முதலாளியுடையது. ‘விசா சார்ஜ்’ என்று தனியாக ஒரு வரி போட்டு வசூலிப்பவர்கள் இருக்கிறார்கள், அதற்கும் ஏமாற வேண்டாம்.

இதையெல்லாம் நீங்கள் ஏன் துப்பறிய வேண்டும் என்று எனக்கே எரிச்சல்தான். கப்பலில் எத்தனை இடம் காலியாகிறது என்று எண்ணிப் பார்க்காமல் வருடா வருடம் பையன்களைப் பயிற்சியில் சேர்க்கிறார்கள். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கி, கையில் சான்றிதழ் கொடுத்து, வாசலில் விட்டுவிடுகிறார்கள். வாசலில்தான் ஏஜென்ட் நிற்கிறார். தேட வேண்டிய தளங்களோ நாலு இடத்தில், எல்லாம் ஆங்கிலத்தில். கடலோர கிராமத்தில் இருக்கும் ஓர் அப்பா ‘எம்.வி.’யைப் பார்த்து நம்புவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஏஜென்ட்டிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: கப்பலின் ஐ.எம்.ஓ. எண் என்ன, கம்பெனியின் ஆர்.பி.எஸ்.எல். எண் என்ன? “அது ரகசியம், ஜாயினிங் தேதியில் தருவோம்” என்றால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கப்பலின் எண் கப்பலின் முதுகிலேயே எழுதியிருக்கிறது, அதில் என்ன ரகசியம்? அப்புறம், தம்பியின் ஒரிஜினல் சி.டி.சி.யும் பாஸ்போர்ட்டும் ஏற்கெனவே அந்த ஆளிடம் போய்விட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. போயிருந்தால் இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு முன்னாலேயே, ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று ஏதாவது சொல்லி, அவற்றைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.