நெப்ராஸ்கா அணியின் சரிவுக்கு 2003இல் ஃபிராங்க் சோலிச்சை நீக்கியதுதான் காரணமா?

நீங்கள் அண்மையில்தான் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் இருக்கும் லிங்கன் நகருக்குப் படிக்க வந்திருக்கிறீர்கள் என்றும், உடன் பணிபுரியும் உள்ளூர்க்காரர்கள் யாரோ அந்தப் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த சோலிச்சின் பெயரைச் சொல்லி வாக்குவாதம் செய்வதைக் கேட்டுவிட்டு இந்தக் கேள்வியை எழுதியிருக்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். நான் 2001 முதல் 2006 வரை அதே பல்கலைக்கழகத்தின் கிழக்கு வளாகத்தில் வேளாண் பொறியியல் படித்தவன். அமெரிக்கக் கால்பந்தை நான் ஆடியதில்லை. பயிற்சியாளர்களின் நுட்பங்களை எடைபோடும் தகுதி எனக்கு உண்டென்று சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த நீக்கம் நடந்த மாலையில் அந்த ஊரில் இருந்தேன் என்பதாலும், அது இன்றும் எனக்கு ஆறாத ஒன்று என்பதாலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நீக்கம் தவறு. ஆனால் அதைவிடப் பெரிய தவறு, அவரோடு சேர்த்து அந்த மண்ணுக்குப் பொருந்திய ஆட்டமுறையையும் நாற்பது ஆண்டுகளாக அறுபடாமல் வந்த தொடர்ச்சியையும் ஒரே வீச்சில் களைந்தது.

நான் குடியிருந்தது ஓய்வுபெற்ற விவசாயி ஒருவர் வீட்டின் நிலவறை அறையில். பாப் டெவேனி பயிற்சியாளராக வந்த 1962ஆம் ஆண்டிலிருந்தே அவர் மெமோரியல் அரங்கில் இரண்டு இருக்கைகளைப் பருவந்தோறும் வாங்கி வந்தவர். அந்த ஆண்டு நவம்பரில் தொடங்கி அங்கே ஒவ்வோர் ஆட்டத்திற்கும் நுழைவுச்சீட்டுகள் முழுமையாக விற்றுத் தீர்ந்து வருகின்றன என்பதை என்னிடம் முதலில் சொன்னவரும் அவரே. அவருடைய மனைவிக்கு முழங்கால் வலி கடுமையானபோது, இரண்டாவது இருக்கை எனக்கு வந்தது. அப்படித்தான் 2001 அக்டோபர் 27 அன்று, ஓக்லஹோமாவுக்கு எதிரான ஆட்டத்தை அவர் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன்.

அரங்கிற்குள் போவதற்கு முன்பு அவர் என்னைத் தென்மேற்கு மூலைக்கு அழைத்துச் சென்று, கல்லில் பொறித்திருந்த வாசகத்தைக் காட்டினார். வெற்றியன்று, செயலே, இலக்கன்று, ஆட்டமே, செய்கையிலேயே புகழ் என்பது அதன் பொருள். அதே பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த ஹார்ட்லி பர் அலெக்சாண்டர் எழுதியது. அதற்குப் பிறகு நாங்கள் மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் அடைத்த ரன்ஸா ரொட்டியை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு மேலே ஏறினோம். ஆட்டம் கண் முன்னால் நடந்துகொண்டிருக்க, அவர் ஒரு காதில் வானொலி வர்ணனையைக் கேட்டபடியே இருந்தார்.

நான்காம் கால்பகுதியில் 13-10 என்ற நிலையில் நடந்ததை இன்றும் மறக்கவில்லை. தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் எரிக் கிரவுச் பந்தைக் கைமாற்றிவிட்டு, யாரும் கவனிக்காதபடி எதிர்த்திசையில் நழுவி ஓடினார். பந்து இன்னொரு கைக்கு மாறி, மைக் ஸ்டன்ஸ் என்ற முதலாண்டு மாணவரிடம் போனது. அவர் அதை இடது கையால் வீச, கிரவுச் பிடித்துக்கொண்டு கோட்டைக் கடந்தார். 63 கஜ டச்டவுன். ஆட்டம் 20-10 என முடிந்தது, சிறந்த கல்லூரி வீரருக்கான அந்த ஆண்டின் ஹைஸ்மன் விருதும் கிரவுச்சுக்கே கிடைத்தது. அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர்தான் சோலிச்.

சோலிச்சை வேண்டாமென்று சொன்னவர்கள் அன்றும் இன்றும் காட்டும் கணக்கு பொய்யானதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே 2001 நவம்பரில் கொலராடோவிடம் 62-36 எனத் தோற்றோம். அதன் பின்னும் தேசியப் பட்டத்துக்கான ரோஸ் பவுல் ஆட்டத்தில் இடம் கிடைத்து, மயாமியிடம் 37-14 எனத் தோற்றோம். 2002இல் 7 வெற்றி, 7 தோல்வி. 33 ஆண்டுகள் தொடர்ந்து 9 வெற்றிகளுக்குக் குறையாமல் வந்த வரிசை அதோடு அறுந்தது. 2003இலும் மிசௌரியிடம் 41-24, டெக்சஸிடம் 31-7, சொந்த அரங்கிலேயே கன்சாஸ் ஸ்டேட்டிடம் 38-9 என்று மூன்று தோல்விகள். மூன்றுமே கனமான தோல்விகள். இவற்றை மறைத்துவிட்டு அவரைத் தியாகியாக்குவது என் நோக்கமன்று.

ஆனால் இந்தக் கணக்கைக் காட்டுகிறவர்கள் 1967ஆம் ஆண்டையும் 1968ஆம் ஆண்டையும் ஏனோ எடுப்பதே இல்லை. டெவேனியின் அணி அந்த இரண்டு பருவங்களிலும் 6 வெற்றி, 4 தோல்வி என்றுதான் முடித்தது. 1968இன் கடைசி ஆட்டத்தில் ஓக்லஹோமாவிடம் 47-0. அப்போதும் அவரை அனுப்பச் சொன்ன குரல்கள் இருந்தன என்று பெரியவர் சொல்வார். டெவேனி என்ன செய்தார்? தாக்குதல் முறையைத் திருத்தும் பொறுப்பை டாம் ஆஸ்போர்ன் என்ற இளம் துணைப் பயிற்சியாளரிடம் ஒப்படைத்தார். ஐ-ஃபார்மேஷன் என்ற அணிவகுப்புக்கு மாறினார்கள். 1970இலும் 1971இலும் தேசியப் பட்டங்கள் வந்தன. அந்த மாற்றத்திற்குக் கிடைத்த அவகாசம் ஒரே ஒரு பருவமாக இருந்திருந்தால் இவற்றில் எதுவும் நடந்திருக்காது.

ஆஸ்போர்னின் கதையும் அப்படித்தான். 1973இல் பொறுப்பேற்ற அவர் முதல் ஐந்து ஆண்டுகளும் ஓக்லஹோமாவிடம் தோற்றார். 1978இல்தான் 17-14 என வென்றார். அந்தப் பருவம் முடிந்தபோது, ரசிகர்களின் குறைப்பேச்சுக்கு நடுவே, கொலராடோவுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தார். முதல் தேசியப் பட்டம் கிடைத்தது 1994இல், அவருடைய 22ஆம் பருவத்தில். 25 பருவங்களில் 255 வெற்றிகள், 49 தோல்விகள், 3 சமநிலைகள் என்று இன்று எல்லோரும் பெருமையாகச் சொல்லும் கணக்கு, பொறுத்திருந்தவர்கள் இருந்ததால் உண்டான கணக்கு. ஆஸ்போர்ன் எந்த ஆண்டிலும் 9 வெற்றிக்குக் கீழே இறங்கவில்லையே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் நான் சோலிச்சை ஆஸ்போர்னோடு ஒப்பிடுவதில்லை, 1968இன் டெவேனியோடு ஒப்பிடுகிறேன்.

ஏனென்றால் சோலிச்சும் அதையேதான் செய்தார். 2002 முடிந்ததும் உதவிப் பயிற்சியாளர்கள் பலரை மாற்றினார். தாக்குதலுக்கு பார்னி காட்டன், தற்காப்புக்கு போ பெலினி என்று புதியவர்களைக் கொண்டுவந்து, ஆட்ட உத்திகளை அழைக்கும் பொறுப்பையும் தன் கையிலிருந்து விட்டுக்கொடுத்தார். தலைமைப் பயிற்சியாளர் ஒருவருக்கு இது எளிதான முடிவன்று. முந்தைய ஆண்டு சல்லடையாக இருந்த தற்காப்பு 2003இல் எதிரணிகளிடமிருந்து பந்தைப் பறிக்கும் தற்காப்பாக மாறியதை எங்கள் இருக்கையிலிருந்தே பார்க்க முடிந்தது.

நவம்பர் 28, வெள்ளிக்கிழமை, கொலராடோவை அவர்கள் மண்ணிலேயே 31-22 என வென்றார்கள். பெரியவர் வீட்டில் குளிர்பெட்டியின் கதவில் அந்தப் பருவத்தின் ஆட்ட அட்டவணை ஒன்று காந்தத்தால் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் முடிவை நீலப் பேனாவால் எழுதி வைப்பார். கடைசிக் கட்டத்தில் 31-22 என்று எழுதி, அடியில் 9-3 என்று கூட்டியும் வைத்தார். மறுநாள் மாலை, அறைக்கதவைத் தட்டினார். கையில் வானொலிப்பெட்டி. ஃபிராங்க்கை அனுப்பிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். டெவேனியின் அணியில் அந்தக் குள்ளமான இளைஞன் 1965இல் ஏர் ஃபோர்ஸ் அணிக்கு எதிராக 204 கஜம் ஓடியதைச் சொன்னார். லிங்கனிலேயே பள்ளி அணிக்குப் பயிற்சியளித்து, 1979இல் ஆஸ்போர்னிடம் உதவியாளராகச் சேர்ந்து, கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் காத்திருந்து தலைமைக்கு வந்தவர் என்றார். 58 வெற்றி, 19 தோல்வி. அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன், குடிக்காமலேயே மேலே போய்விட்டார்.

நீக்கியவர் அப்போதைய விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்டீவ் பெடர்சன். அணி நடுத்தர நிலைக்கு இறங்குவதை அனுமதிக்க மாட்டேன் என்பதே அவர் சொன்ன காரணம். நானும் ஒருவகையில் இதே காரணத்தால் அடிபட்டவன். படிப்பு முடிந்து நான் சேர்ந்த ஒரு நிறுவனத்தில், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்தவரை, நல்ல வருமானம் வந்த ஆண்டின் முடிவிலேயே, புதிதாக வந்த தலைவர் தனக்கு வேண்டிய ஒருவருக்காக அனுப்பிவிட்டார். அவருடைய மேசையை நான்தான் ஒழித்துக் கொடுத்தேன். அதனால் என் தீர்ப்பு ஒருபக்கம் சாய்ந்திருக்கலாம் என்று நீங்கள் சந்தேகித்தால், அதை நான் மறுக்கப் போவதில்லை.

அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். புதிய பயிற்சியாளரைத் தேடவே 41 நாட்கள் ஆயின. கடைசியில் வந்த பில் கலஹன் தொழில்முறை அணியான ஓக்லண்ட் ரைடர்ஸை இறுதியாட்டமான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனவர். அவர் திறமையற்றவர் என்று சொன்னால் அது அநியாயம். பின்னாளில் நாடே வியந்த தற்காப்பு வீரர் இண்டாமுகன் சூவை நெப்ராஸ்காவுக்குக் கொண்டுவந்ததும் அவர் காலத்தில்தான். ஆனால் அவர் ஆப்ஷன் ஆட்டத்தைக் கைவிட்டு, பந்து வீச்சை நம்பிய வெஸ்ட் கோஸ்ட் முறையைக் கொண்டுவந்தார். ஆப்ஷன் என்றால், குவார்ட்டர்பேக் பந்தோடு ஓடியபடியே எதிரே நிற்கும் ஒரு தற்காப்பாளரின் அசைவைப் பார்த்து, தானே ஓடுவதா, பக்கத்தில் வருபவருக்குப் பந்தை எறிவதா என்று அந்த நொடியில் முடிவெடுப்பது. நவம்பர் குளிர்காற்றில் பந்தை வீசுவதைவிட ஓடுவது எளிது. தவிர, அந்த முறைக்கு வேண்டிய வலுவான முன்வரிசையை உள்ளூரிலிருந்தே திரட்ட முடிந்தது. உதவித்தொகை இல்லாமல் தாமாகவே வந்து சேரும் பண்ணை வீட்டுப் பிள்ளைகளான வாக்-ஆன் வீரர்கள் அதில் நான்கைந்து ஆண்டுகள் பழகித் தேறுவார்கள். மக்கள்தொகை குறைந்த, பெரிய வீரர்கள் தாமாக வந்து சேராத ஒரு மாநிலம் டெக்சஸோடும் ஃபுளோரிடாவோடும் போட்டியிட்ட வழி அதுதான். அதை விட்டுவிட்டு எல்லோரும் ஆடும் ஆட்டத்தையே ஆடப்போனால், நல்ல ஆட்களை முதலில் தேர்ந்தெடுப்பவர்கள் எப்போதும் மற்றவர்களாகவே இருப்பார்கள்.

2004இல் 5 வெற்றி, 6 தோல்வி. டெக்சஸ் டெக்கிடம் 70-10. 2007இல் கன்சாஸிடம் 76-39. கலஹனின் மொத்தக் கணக்கு 27 வெற்றி, 22 தோல்வி. 2007 அக்டோபரில் பெடர்சனும் நீக்கப்பட்டு, ஆஸ்போர்ன் விளையாட்டுத் துறை இயக்குநராகத் திரும்பி வந்தார்.

கலஹனுக்குப் பின் தலைமைப் பயிற்சியாளரான பெலினியின் காலத்தைப் பற்றி உங்கள் நண்பர்கள் தனியே சண்டையிடுவார்கள். ஆண்டுதோறும் 9 அல்லது 10 வெற்றி, ஆண்டுதோறும் நான்கு தோல்வி, மொத்தம் 67-27. 2014இல் மறுபடியும் ஒரு 9 வெற்றிப் பருவத்தின் முடிவில், மறுபடியும் நவம்பர் இறுதியில், அவரும் அனுப்பப்பட்டார். மைதானத்திலும் வெளியிலும் அவருடைய கோபம் அளவு கடந்தது என்பதை நான் ஏற்கிறேன். அந்த நீக்கத்தை சோலிச்சின் நீக்கத்தோடு சமமாக வைக்கவும் மாட்டேன். ஆனால் அடுத்து வந்த மைக் ரைலி 19-19. 1997 பட்ட அணியின் குவார்ட்டர்பேக்காக இருந்து, எல்லோரும் கண்ணீரோடு வரவேற்ற ஸ்காட் ஃபிராஸ்ட் 16-31. சொந்த ஊர்ப்பிள்ளை வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். நடுவே அறுந்துபோன பதினான்கு ஆண்டுகளை ஒரே ஆளால் ஒட்டவைக்க முடியவில்லை.

எனவே உங்கள் கேள்விக்கு, ஒரே காரணம் அதுவன்று, ஆனால் முதல் காரணம் அதுதான் என்பேன். சோலிச் இருந்திருந்தாலும் 1990களின் அணி திரும்பியிருக்காது. உதவித்தொகை எண்ணிக்கை வரம்பும், தொலைக்காட்சியும், டெக்சஸ் அணிகளோடு சேர்ந்த பிக் 12 என்ற போட்டிக் கூட்டமைப்பும் நிலைமையை முன்பே மாற்றிவிட்டிருந்தன. ஆனால் 27-22 வந்திருக்காது. அவர் வயதாகிச் செல்லாக்காசாகிவிட்டார் என்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2005இல் அவர் ஓஹையோ பல்கலைக்கழகத்துக்குப் போய், பருவ இறுதியில் நடக்கும் பவுல் ஆட்டங்களில் அந்த அணியின் வரலாற்றிலேயே முதல் வெற்றியை 2011இல் பெற்றுத் தந்து, 115 வெற்றிகளோடு மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பின் வரலாற்றில் மிக அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளராக ஓய்வுபெற்றார்.

2023 ஏப்ரலில், புதிய பயிற்சியாளர் மேட் ரூலின் காலத்தில், வசந்தகால ஆட்டத்திற்கு சோலிச் மெமோரியல் அரங்குக்குத் திரும்பி வந்தார். அன்று மாலை பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தேன். இப்போது அவரால் அரங்கின் படிகளில் ஏற முடிவதில்லை, வீட்டிலிருந்தே பார்த்திருக்கிறார். நெகிழ்ந்து பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ 2003 கன்சாஸ் ஸ்டேட் ஆட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் வென்றிருந்தால் 10-2 ஆகியிருக்குமே, 10-2 ஆனவரை யார் அனுப்பியிருப்பார்கள் என்று அரைமணி நேரம் என்னோடு வாதாடினார்.