செவ்வாயில் வண்டி ஓட்டுவது: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

செவ்வாய்க் கிரகத்தில் ஓடும் ஆளில்லா வண்டிகளான ரோவர்களைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி, சோலார் பேனல் தூசு பற்றியதுதான். அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

சார், முதல் ரோவர் சோஜர்னர்தானே?

ஓடிக்காட்டியதில் முதல் அதுதான். போய் இறங்கியதில் இல்லை. 1971 டிசம்பரில் சோவியத்தின் மார்ஸ் 3 விண்கலம் இறங்கியபோது அதற்குள் ப்ராப்-எம் என்று 4.5 கிலோ குட்டி வண்டி ஒன்று இருந்தது. அதற்குச் சக்கரமே கிடையாது. பனிச்சறுக்குக் கட்டை போல இரண்டு கால், லேண்டரோடு (தரையிறங்கி ஒரே இடத்தில் நிற்கும் கலம்) பிணைத்த 15 மீட்டர் கேபிள், அவ்வளவுதான். லேண்டர் சிக்னல் அனுப்பத் தொடங்கி 20 நொடிக்குள் பேச்சு நின்றுவிட்டது.

1997 ஜூலை 4 அன்று இறங்கிய நாசாவின் சோஜர்னர் 10.6 கிலோ, மைக்ரோவேவ் அடுப்பு அளவு. ஏழு நாள் ஓடினால் போதும் என்று அனுப்பினார்கள், 83 நாள் ஓடியது. மொத்தத் தூரம் சுமார் 100 மீட்டர். தெருமுனைக் கடைக்குப் போய்வருவதுகூட அதைவிட அதிகமாக இருக்கும்! அது லேண்டர் வழியாகத்தான் பூமியோடு பேசும். லேண்டர் அடங்கியதும் இதன் குரலும் போய்விட்டது.

ஜாய்ஸ்டிக் வைத்து ஓட்டுவார்களா அண்ணா?

முடியாது தம்பி. ரேடியோ அலை போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். பள்ளம் தெரிகிறது என்று இங்கே பிரேக் போட்டால், அது அங்கே சேர்வதற்குள் வண்டி குப்புறக் கிடக்கும். அதனால் முந்தைய நாள் படங்களைப் பார்த்து, மறுநாள் வேலை முழுவதையும் எழுதி ஒரே கட்டாக அனுப்பிவிடுவார்கள்.

இதில் இன்னொரு தொல்லை உண்டு. செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம். இறங்கிய புதிதில் குழுவே செவ்வாய் நேரத்தில் வாழும். இன்று காலை எட்டு மணிக்கு டூட்டி என்றால் நாளை எட்டு நாற்பது, மூன்றரை வாரத்தில் நடு ராத்திரியைத் தொட்டுவிடும்.

பேனலில் ஒரு வைப்பர் வைத்திருக்கக் கூடாதா? அத்தனை கோடி செலவழிக்கிறார்களே!

வைப்பர் என்றால் மோட்டாரும் வேண்டும், எடையும் கூடும். அந்த எடைக்கு ஒரு கருவியை இறக்கிவைக்க வேண்டியிருக்கும். 2004-இல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி இரண்டுக்கும் திட்டமே 90 நாள்தான். ஆனால் செவ்வாய்க் காற்றே அவ்வப்போது தூசைத் துடைத்துவிட்டது. ஆப்பர்ச்சூனிட்டி 14 வருடம், 45 கிலோமீட்டர் ஓடி, 2018 ஜூன் புழுதிப் புயலில் மௌனமானது.

"பேட்டரி குறைகிறது, இருட்டுகிறது" என்று அது கடைசியாகச் சொன்னதாக நிறைய பேர் அழுதிருந்தீர்கள். அது அப்படி எழுதவில்லை. வந்தவை வெறும் எண்கள். ஒரு செய்தியாளர் தன் நடையில் சொன்னதுதான் அந்த வரி.

உங்களுக்குப் பிடித்த ரோவர்?

ஸ்பிரிட். 2006-இல் அதன் வலது முன்சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. சரி என்று வண்டியை ரிவர்ஸில் ஓட்டினார்கள், செத்த சக்கரம் பின்னால் ஏர் உழுதுகொண்டே வந்தது. 2007-இல் ஒரு நாள் அந்தச் சாலில் செம்மண்ணுக்கு அடியிலிருந்து வெள்ளை மண் எட்டிப் பார்த்தது. சோதித்தால் ஏறக்குறைய 90 சதவீதம் சிலிகா! வெந்நீர் ஊற்றோ நீராவியோ இருந்த இடத்தில் உருவாகும் சரக்கு. ஆறு சக்கரமும் நன்றாக இருந்திருந்தால் அதன் மேலேயே உருண்டு போயிருக்கும்.

2009-இல் தரையின் மேலோடு உடைந்து, ஸ்பிரிட் மணலில் புதைந்தது. பூமியில் அதே மாதிரி மணல் தொட்டி அமைத்து மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள், மீட்க முடியவில்லை. குளிர்காலம் வந்தது, பேனலைச் சூரியன் பக்கம் சாய்த்து நிற்க வழியில்லை. 2010 மார்ச் 22-க்குப் பிறகு பேச்சில்லை.

க்யூரியாசிட்டி சக்கரத்தில் ஓட்டை விழுந்தது உண்மையா?

உண்மை. 899 கிலோ வண்டிக்கு 0.75 மில்லிமீட்டர் அலுமினியத் தோல், தரையில் பதிந்த கூர்க்கற்கள். 2013-லேயே கிழிய ஆரம்பித்தது. அடுத்து அனுப்பிய பெர்சிவியரன்ஸ் ரோவருக்குத் தோலைத் தடிமனாக்கி, பட்டைகளை 24-இலிருந்து 48 ஆக்கினார்கள். ஆனால் க்யூரியாசிட்டியில் வேண்டுமென்றே போட்ட ஓட்டைகளும் உண்டு. மணலில் அவை மோர்ஸ் குறியில் (புள்ளியும் கோடுமாக எழுதும் தந்தி மொழி), வண்டியைக் கட்டிய ஜேபிஎல் ஆய்வகத்தின் பெயரெழுத்துகளைப் பதிக்கும். குறும்பு மட்டுமில்லை, தடத்தில் அந்த அச்சுகளின் இடைவெளியை வைத்து சக்கரம் எவ்வளவு வழுக்கியது என்று கணக்கிடலாம்.

வேறு நாடுகள்?

சீனாவின் ஜுரோங் 2021-இல் இறங்கி, சுமார் 1.9 கிலோமீட்டர் ஓடி, 2022 குளிருக்குத் தூங்கப் போனது, எழவில்லை. நம் மங்கள்யான் சுற்றுக்கலம், பிரக்யான் ஓடியது நிலாவில்.

மகள் கேட்கச் சொன்னாள்: நின்றுபோன வண்டிகளை யாராவது எடுத்து வருவார்களா?

இப்போதைக்கு இல்லை என்று சொல்லுங்கள். ஆனால் தொலைந்து போகவும் இல்லை. 2018 செப்டம்பரில் புழுதி அடங்கியதும் சுற்றுக்கலம் ஒன்று ஆப்பர்ச்சூனிட்டியை மேலிருந்து படம் எடுத்தது. சரிவில் ஒரு சின்னப் புள்ளி. படத்தைக் காட்டி, அவளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.